பால் வத்தலை, வால்வுதான் போச்சு

தாமான் மெலோர்,
யோங் பெங், ஜொகூர்.
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அருளப்பன் அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையாலும் டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையாலும் இங்கு நானும் என் மனைவி கெர்ட்ரூடும் நலம். அங்கு ஸ்கூடாயில் தாங்களும் சம்பந்தியம்மாவும், மருமகன் மார்கஸும், என் மகள் ஷரோனும், எல்லாருக்கும் மேலாக நம் நாலரை மாதப் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலியையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் யோசிக்கலாம். வாட்ஸாப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் தாங்கள் ஒரு கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறீர்கள். தபாலில் அந்த வசதி கிடையாது. ஆகையால் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, முழுவதையும் படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியின் ஞானஸ்நானத்தன்று யோங் பெங் கோயில் மண்டபத்தில், பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். "லீவு முடிஞ்சதும் ஷரோன் வேலைய விட்டுடட்டும். இல்லையா, டின் பால் குடுத்துடலாம். மெஷின் வச்சுக் கறக்கிறதெல்லாம் என்னத்துக்கு? நம்ம புள்ள என்ன மாட்டுப் பண்ணையிலயா இருக்கா?" என்றார்கள். தாங்களும் கோழிக்காலைக் கையில் பிடித்தபடி தலையாட்டினீர்கள். நான் பார்த்தேன். பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் அன்று வாயைத் திறக்கவில்லை, சோறு மட்டும் இரண்டாவது தடவை வாங்காமல் எழுந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஷரோன் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சிங்கப்பூர் ஃபேக்டரியில் குவாலிட்டி என்ஜினியர் வேலை, அவள் ராப்பகலாகப் படித்து வாங்கியது. பிள்ளைக்குத் தன் பாலையே கொடுக்க வேண்டும் என்பதும் அவள் ஆசை. ரெண்டில ஒன்னை விடுன்னா எதை விடுவா, சொல்லுங்க? அந்த ரெண்டும் என் மகளுக்கு எப்படிக் கிடைச்சுதுங்கிறதைத்தான் இந்தக் கடிதத்தில எழுதப் போறேன்.

நான் சிம்பாங் ரெங்கம் பக்கத்து செம்பனை எண்ணெய் ஆலையில முப்பத்தாறு வருஷம் பம்ப் பார்த்தவன்னு தங்களுக்குத் தெரியும். தெரியும்னாலும் தாங்க அதைப் பத்தி ஒரு தடவைகூட கேட்டதில்ல, பரவாயில்ல. ஆலையில மேனேஜர்லேருந்து கணக்கு எழுதற கிராணி வரைக்கும் யாரும் என்னை அமலநாதன்னு கூப்பிட்டது கிடையாது, 'பம்ப் ஹவுஸ்'னுதான் கூப்பிடுவாங்க. பைப்புல காதை வச்சா போதும், உள்ளுக்குள்ள எது தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். ஆனா வீட்டுல இருக்கே, அங்க என் பேச்சு செல்லாது. ஷரோன் என்ன படிக்கிறதுன்னும் என்னைக் கேக்கல, எந்தக் காடி வாங்கி ஓட்டறதுன்னும் கேக்கல, யாரைக் கட்டிக்கிறதுன்னும் கேக்கல (மார்கஸ் நல்ல பையன்தான், அது வேற விஷயம்). அப்படி இருக்க, லீவு முடிய மூணு வாரம் இருக்கும்போது குடும்ப வாட்ஸாப் குரூப்புல, பிரசவத்துக்கு வந்து எங்க வீட்டு உள்ளறையில படுத்திருந்த அவகிட்டேயிருந்து ஒரு மெசேஜ் வருது: "பம்ப் வாங்கணும். மேனுவலா எலெக்ட்ரிக்கா, சிங்கிளா டபுளா, எது எனக்கு ஒத்துவரும்னே தெரியல." சம்பந்தி, நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். இருபத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா என் மக பம்ப் பத்திக் கேக்கிறா!

உங்க வீடு மூணாவது மாடி. அங்க குளிக்கப் போனா ஷவர்ல தண்ணி அழுத மாதிரி சொட்டும், ரெண்டு தடவை நானே சோப்பு நுரையோட நின்னிருக்கேன். அதுக்குத்தான் கேக்கிறாள்னு நெனச்சுட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "எலெக்ட்ரிக்தான்மா. டபுளா வாங்கு, ஒன்னு போனா ஒன்னு ஓடும்." அவ எழுதறா: "சத்தம் வரக் கூடாதுப்பா. கழுவ ஈஸியா இருக்கணும். பையில எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கணும்." தண்ணி பம்பை எதுக்கு இவ கழுவப் போறான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், படிச்ச பொண்ணு, சுத்தம் பாக்கிறா போலன்னு விட்டுட்டேன். டவுனுக்குப் போயி, எனக்கு நாப்பது வருஷமாப் பழக்கமான ஹார்ட்வேர் கடை முதலாளி, சீனத் தவுக்கேகிட்ட இருக்கிறதிலேயே சின்னதா அரை ஹார்ஸ் பம்ப் ஒன்னு வாங்கி, துணியில சுத்தி, தோள்ல தூக்கிட்டு வந்து ஷரோன் கட்டில் பக்கத்துல வச்சேன். "இந்தாம்மா. மூணு மாடிக்கும் பீச்சி அடிக்கும். வேணும்னா நாலாவது மாடிக்காரனுக்கும் குடுக்கலாம்"னேன். ஷரோன் அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தலையணையில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டா. அழறாள்னு நெனச்சேன், சிரிச்சிருக்கா. கெர்ட்ரூட் சமையல்கட்டுலேருந்து ஓடி வந்து, "அலமாக்! ஏங்க, உங்களுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? அவ கேட்டது புள்ளைக்குப் பால் எடுக்கிற பம்பு லா!"ன்னு கத்தினா. பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வந்து பார்த்துச்சு. இதையெல்லாம் நானே தங்களுக்கு எழுதக் காரணம், மார்கஸ் எப்படியும் சொல்லியிருப்பார், அவர் சொன்னா இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்.

எனக்கு வெக்கமாப் போச்சுதான். ரெண்டு நாள் ஷரோன் அறைப் பக்கமே போகல. ஆனா மூணாவது நாள் யோசிச்சேன். எதுவா இருந்தா என்ன, பம்ப் பம்புதான். உள்ள ஒரு மோட்டார், ஒரு வால்வு, ஒரு இழுப்பு. இதுல என்னைவிட யாருக்குத் தெரியும்? ஷரோன் பச்சை உடம்புக்காரி, வெளிய வரக் கூடாதுன்னு கெர்ட்ரூட் சட்டம் போட்டுட்டா. மார்கஸுக்குச் சிங்கப்பூர்ல ஷிப்ட். "நான் போறேன்"னு சட்டைய மாட்டிக்கிட்டுக் குளுவாங்கில இருக்கிற பெரிய குழந்தைச் சாமான் கடைக்குப் போனேன். வாசல் வரைக்கும் வீரமாத்தான் போனேன் சம்பந்தி. உள்ள போனா எங்க பார்த்தாலும் வயித்துப் பிள்ளைக்காரங்க. ரூபினின்னு நம்ம தமிழ்ப் புள்ள ஒன்னு அங்க வேலை பாக்குது, "என்ன வேணும் அங்கிள்?"னு கேட்டுச்சு. நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கிட்டு, "பம்ப்"னேன். "என்ன பம்ப் அங்கிள்?" "அந்த... பம்ப்." "சைக்கிள் பம்பா அங்கிள்? அது எதிர்க்கடை." சுவத்துல ஒரு படம் ஒட்டியிருந்துச்சு, அதைக் கையால காட்டிட்டு மறுபடியும் ஃபேனைப் பார்த்தேன். புள்ள சிரிக்கவே இல்ல. "தாய்ப்பால் பம்ப்னு சொல்லுங்க அங்கிள், தப்பான வார்த்தையா? நேத்து ஒரு ஹாஜி வந்து தன் மருமகளுக்கு வாங்கிட்டுப் போனாரு"ன்னுச்சு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. ஹாஜியே வாங்கும்போது நமக்கென்ன?

அப்புறம் அந்தப் புள்ள, "ஃபிளேஞ்சு என்ன சைஸ் அங்கிள்?"னு கேட்டுச்சு பாருங்க, எனக்குக் காதுல தேன் பாஞ்சுது. ஃபிளேஞ்சு! ரெண்டு பைப்பு சேர்ற இடத்துல வைக்கிற வளையம், ஆலையில எத்தனை ஆயிரம் மாட்டியிருப்பேன்! "சின்ன லைனுக்கு நாலு இன்ச்சு, மெயினுக்கு ஆறு இன்ச்சு"ன்னு கம்பீரமாச் சொன்னேன். ரூபினி கையிலிருந்த பெட்டியக் கீழ போட்டுடுச்சு. "மில்லிமீட்டர் அங்கிள், மில்லிமீட்டர்! இருபத்தொன்னு, இருபத்திநாலு, அப்படி!" அப்பத்தான் அந்த ஃபிளேஞ்சு எங்க உக்காருதுன்னு எனக்குப் புரிஞ்சுது. கெர்ட்ரூடுக்குப் போன் போட்டு, வாயைக் கையால மூடிக்கிட்டு, "அந்தச் சைஸைக் கேக்கிறாங்க"ன்னேன். போன் ஸ்பீக்கர்ல இருந்தது எனக்குத் தெரியாது. "எந்தச் சைஸை?"னு அவ போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டுச்சு. "போனை அந்தப் புள்ளைகிட்ட குடுத்துட்டு நீங்க தள்ளிப் போங்க!" நான் போய்க் குழந்தை சாக்ஸ் எல்லாத்தையும் ஒன்னொன்னா எடுத்துப் பார்த்துக்கிட்டு நின்னேன். அளவு தப்பா இருந்தா வலிக்கும், பாலும் சரியா வராதுன்னு அப்புறம் ரூபினி எனக்குப் பதமாச் சொல்லிக் குடுத்துச்சு. நியாயம்தானே, ஆலையிலயும் அளவு தப்பினா கசியத்தான் செய்யும்.

அதுக்கப்புறம் வெக்கம் எங்க போச்சுன்னே தெரியல. எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொன்னேன். பம்ப் வாங்கறவன் முதல்ல பம்பைப் பாக்கக் கூடாது, அது என்ன வேலைக்குன்னு பாக்கணும். இது என் கொள்கை, மேனேஜருக்கே சொல்லியிருக்கேன். என் மகளுக்கு என்ன வேலை? விடியறதுக்கு முன்னாடி ஃபேக்டரி பஸ், சிங்கப்பூர் போற பாலத்துல ரெண்டு மணி நேரம் ஜாம், ஃபேக்டரியில ஓய்வு இருபது நிமிஷம், திரும்பி வரும்போது மறுபடியும் ஜாம். சுவத்துல சொருகற பம்ப் பஸ்ல எதுக்கு? கையால அழுத்தறது எப்பவாச்சும் வெளிய போற பொண்ணுக்குச் சரி, நாளுக்கு நாலு தடவைன்னா என் புள்ள மணிக்கட்டு என்னாகும்? ஆகவே பேட்டரி. ஆகவே ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல. ஆகவே சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு மேல ஒரு ஷால் போர்த்திக்கிற மாதிரி. பால் மோட்டாருக்குள்ள ஏறாம தடுப்பு இருக்கான்னு கேட்டேன், இழுப்பைக் கூட்டிக் குறைக்க முடியுமான்னு கேட்டேன், கடைசியாக் கண்ணை மூடிக்கிட்டுக் காதுல வச்சுச் சத்தம் கேட்டேன். ஒரு மலாய்க்கார தம்பதி, ஒரு சீனப் பொண்ணு, எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு, "அங்கிள், எங்களுக்கும் கேட்டுச் சொல்லுங்க"ன்னு பெட்டிய நீட்டினாங்க. கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, மைலோ வாங்கிக் குடுத்தார். ஓய்வு வாங்கி ஏழு வருஷத்துல என்னை ஒருத்தர் நாற்காலி போட்டு உக்கார வச்சது அன்னிக்குத்தான்.

ஷரோன் வேலைக்குத் திரும்பின அன்னிக்கு உங்க வீட்டுலேருந்துதான் கிளம்பினா, தாங்க பார்த்திருப்பீங்க. ஆனா பாலத்துல நடந்தது தங்களுக்குத் தெரியாது. பம்ப் ஓடிக்கிட்டிருக்கும்போதே பாஸ்போர்ட் சோதனைக்கு இறங்க வேண்டியதாப் போச்சு. கவுன்டர்ல இருந்த அதிகாரியம்மா, "என்ன சத்தம் அது?"ன்னு கேட்டிருக்காங்க. ஷரோன் நிமிர்ந்து நின்னு, "பாம் சூசு", பால் பம்புன்னு மலாயில சொல்லியிருக்கா. அந்தம்மா ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "எனக்கும் வீட்டுல ஒன்னு இருக்கு, போ, போ"ன்னு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்களாம். என் மக வெக்கப்படல பாருங்க! நான் ஃபேனைப் பார்த்துக்கிட்டுச் சொன்னதை அவ நேருக்கு நேர் சொன்னா. அன்னிக்குச் சாயங்காலம் பால் பாட்டில் படம் அனுப்பினா, நூத்தம்பது மில்லி. அதை நான் கோப்பிக் கடையில எல்லாருக்கும் காட்டினேன். சிலர் வேற பக்கம் பார்த்தாங்க, அது அவங்க பாடு.

இனிமேதான் முக்கியமான விஷயம். ஒன்பதாவது நாள் மத்தியானம் ஷரோன் ஃபேக்டரியிலேருந்து போன் பண்றா, அழுதுக்கிட்டே. "அப்பா, ரெண்டு நாளா நாப்பது மில்லிதான் வருது. பால் வத்திடுச்சுன்னு அத்தை சொல்றாங்க. நான் வேலைய விட்டுடறேம்பா." பம்ப் நின்னா பம்ப் மேன் பதறக் கூடாது. வீடியோ போடுன்னேன், கேமராவைப் பம்ப் பக்கம் மட்டும் திருப்பு, வேற எங்கயும் காட்டாதேன்னு சத்தம் போட்டேன், அப்படியும் பாதி நேரம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். கண் எதுக்கு? ஓட விடுன்னேன். போனைக் காதுல வச்சேன். ப்ஸ்ஸ், ப்ஸ்ஸ்னு ஒரு சத்தம். முப்பத்தாறு வருஷமா எனக்குத் தெரிஞ்ச சத்தம் சம்பந்தி! "அழாதம்மா, உனக்குப் பால் வத்தலை, வால்வுதான் போச்சு"ன்னேன். அதுல வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், கழட்டிப் பாருன்னேன். பார்த்தா ஓரத்துல கிழிஞ்சிருக்கு, காத்து கசிஞ்சா இழுப்பு எங்கேருந்து வரும்? அதை யாரோ அரை மணி நேரம் தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன், பெரிய மனுஷங்களைப் பத்தி எழுதறது எனக்குப் பழக்கமில்ல. ஸ்பேர் இல்லாம நான் பம்ப் வாங்கறதில்ல. பை சைட் பாக்கெட்டுல ரெண்டு வால்வு போட்டு வச்சிருந்தேன், மாத்தச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் படம் வருது: நூத்தி அறுபது! சம்பந்தி, நான் வீட்டுக்குள்ள போயி தனியா நின்னு அழுதேன். ஆலையே நின்னப்போ ஓட வச்சிருக்கேன், அப்பக்கூட இவ்வளவு பெருமையா இருந்ததில்ல.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். என் மகள் வேலையை விட மாட்டாள். பேத்திக்கு டின் பால் வேண்டாம். இதைச் சம்பந்தியம்மாவிடம் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி, பம்ப் விஷயத்தில் தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். சொன்னதில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இல்லை என்று நினைக்கிறேன். மருமகனுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர். மாதா தங்கள் குடும்பத்தையும் தங்கள் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சூ. அமலநாதன்
(ஓய்வுபெற்ற முதல் நிலை பம்ப் மேன்)

பி.கு.: இதுவரைக்கும் எழுதினதை கெர்ட்ரூடுக்குப் படிச்சுக் காட்டினேன். அவ சிரிப்பான்னு பார்த்தேன், காய் நறுக்கறதை நிறுத்திட்டு, "இதை அனுப்பப் போறீங்களா?"ன்னு கேட்டா. அப்புறம் சொன்னா. பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு வாட்ஸாப் குரூப் இருக்காம், எல்லாருக்கும் எல்லாம் தெரியுமாம். கொதிக்க வச்சது சம்பந்தியம்மா இல்ல, கெர்ட்ரூட்தான். ஷரோனை உங்க வீட்டுக்கு அனுப்பறதுக்கு முந்தின நாள், கிருமி சாகட்டும்னு போட்டாளாம், அதுல நைஞ்ச ரப்பர் ஒரு வாரம் ஓடிட்டுக் கிழிஞ்சிருக்கு. நான் வாங்கி வச்ச ஸ்பேர் வால்வும் பொருந்தல. அது வேற மாடலுக்குள்ளதுன்னு ரூபினி அன்னிக்கே சொல்லுச்சு, நான்தான் "என் கண்ணுக்கு அளவு தெரியும்மா"ன்னு எடுத்துட்டு வந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் ஷரோன் உங்க வீட்டுல உக்காந்து அழுதிருக்கா. சம்பந்தியம்மா பாப்பாவை வாங்கிக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்தாங்களாம். அவங்களும் சின்ன வயசுல சிங்கப்பூர்ல ஃபேக்டரி வேலை பார்த்தவங்களாமே. மார்கஸ் பொறந்து ஒன்னரை மாசத்துல திரும்பிப் போயி, பால் கட்டிக்கிட்டு வலி தாங்காம, மூணு வாரம் கக்கூஸுல நின்னு பீச்சிப் பீச்சி ஊத்தினாங்களாம், வத்தற வரைக்கும். "அந்த அவஸ்தை உனக்கு வரக் கூடாதுன்னுதான் வேலைய விடச் சொன்னேன். விட மாட்டேன்னா விடாதே, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லியிருக்காங்க. மறுநாள் காலையில அந்தக் கிழிஞ்ச வால்வை ஜெபமாலை டப்பாவுக்குள்ள வச்சு எடுத்துட்டு, பஸ் ஏறி, ஜொகூர் பாருவுல மூணு கடை இறங்கி, ஒவ்வொன்னா வச்சுப் பார்த்து, சரியானதை வாங்கிட்டு வந்தாங்களாம். நான் அழுத அந்த நூத்தி அறுபது அவங்க வால்வுல வந்தது. இப்ப தினமும் ஃபேக்டரி பஸ் வர்ற நேரத்துக்கு ஐஸ் டப்பாவோட ஸ்டாப்புல நிக்கிறாங்களாம், பால் கெடக் கூடாதுன்னு. இதெல்லாம் எனக்கு ஏன் தெரியாதுன்னு கேட்டேன். "உங்கப்பா அந்தப் பம்பை வச்சுக் கோப்பிக் கடையில பெருமைப்பட்டுக்கிட்டு இருக்காராம், இருக்கட்டும், அவர்கிட்ட சொல்லாதே"ன்னு ஷரோன்கிட்ட சொன்னதே சம்பந்தியம்மாதானாம்.

சம்பந்தி, தயவுசெஞ்சு கையெழுத்துக்கு மேல இருக்கிறதை எல்லாம் தாங்க மட்டும் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடுங்க. கீழ இருக்கிற இதை மட்டும் என் தங்கச்சி சம்பந்தியம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. நானே மேல உள்ளதைக் கிழிச்சிருப்பேன், பம்பைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்கேன், எனக்குக் கை வரல.